தரையைக் கேட்கும் பக்கம்

என் நாத்தனார் எந்த அறைக்குள் போனாலும் வாசலிலேயே ஒரு கணம் நின்றுவிடுவாள். தலையை இடது பக்கம் சாய்ப்பாள், வலது பக்கம் சாய்ப்பாள், முட்டியை லேசாக மடக்கி நிமிர்வாள். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தாள். அப்போதும் இப்படித்தான். பல் டாக்டர் அறையிலும் இப்படித்தான், வங்கியிலும் இப்படித்தான். கழுத்தில் சுளுக்கோ என்னவோ என்று நான் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் அதே வாசலில் அதே ஆட்டம்.

அவளுக்குக் கோழி என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். லிப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் வேலை. வீட்டுக்கு வந்ததும் யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“கோழி வந்தாச்சு. தானியம் எடுத்துப் போடு” என்பார் என்னைப் பார்த்து.

“கோழி முட்டையாவது போடும். உன்னால வீட்டுக்கு என்னண்ணா பிரயோஜனம்?” என்பாள் அவள்.

ஒரு நாள் நானே அவளிடம் கேட்டுவிட்டேன், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“தலையை ஆட்டினா கிட்ட இருக்கிறது வேகமா நகரும் அண்ணி, தூரத்துல இருக்கிறது மெதுவா நகரும். அப்பத்தான் அறை எவ்வளவு ஆழம்னு எனக்கு மனசுல பதியும். ஆட்டலேன்னா எல்லாம் சுவத்துல ஒட்டின படம் மாதிரி இருக்கும்.”

யாரும் பார்க்காதபோது நானும் சன்னலருகே நின்று செய்து பார்த்தேன். சன்னல் கம்பி ஓடியது. எதிர்க் கட்டடம் அசையவே இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்து அவள் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். பேருந்துக்கு முன்பதிவு செய்யும் இணையப் பக்கங்களைச் செய்கிற இடம். நல்ல பெயர் எடுத்தாள். ஆனாலும் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, பையிலிருந்து கண்ணில் மாட்டிக்கொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, “வேலையை விட்டுட்டேன்” என்றாள். அதற்கு ஹெட்செட் என்று பேர். மாட்டிக்கொண்டால் சுற்றிலும் வேறோர் இடம் தெரியும்.

“பொம்மை பார்க்கவா வேலையை விட்ட?” என்று அண்ணன் குதித்தார்.

“பொம்மை இல்லண்ணா. சமையலறை.”

விஷயம் இதுதான். எங்கள் தெருமுனையில் ஒரு மரப் பட்டறை இருக்கிறது. வீடுகளுக்குச் சமையல் மேடை, அலமாரி எல்லாம் செய்து பொருத்துவார்கள். அந்த முதலாளி அவளிடம் ஒருமுறை புலம்பியிருக்கிறார்: “படத்தைக் காட்டினா எல்லாரும் ஆஹா ஓஹோம்பாங்க. அடிச்சு முடிச்சதும் கை எட்டல, தலை இடிக்குதுன்னு அழுவாங்க.” மரத்தை அறுப்பதற்கு முன்பே அந்தச் சமையலறைக்குள் ஆளை நிறுத்திக் காட்டுகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். தனியாகச் செயலி எதையும் இறக்க வேண்டாம். ஹெட்செட்டில் இருக்கும் பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும்.

அதிலிருந்து எங்கள் கூடத்தில் நாற்காலி, மேசை ஒன்றும் கிடையாது. என் தையல் மெஷின் மூலைக்குப் போயிற்று. நடுவில் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காற்றில் கதவு திறப்பாள், குனிந்து இல்லாத அடுப்பைப் பார்ப்பாள். நான் தைத்துக்கொண்டே பார்ப்பேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். குறுக்கே பேசவும் மாட்டேன். அதனாலோ என்னவோ, எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லுவாள்.

“ஒவ்வொரு படம் வரையறதுக்கு முன்னாடியும் நான் எழுதின பக்கம் பிரௌசரைக் கேக்கும் அண்ணி. தலை எங்க இருக்கு? எந்தப் பக்கம் திரும்பியிருக்கு? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பல தடவை கேக்கும். எங்க இருக்குங்கிறதுக்கு மூணு எண் வரும். பக்கவாட்டுல, உயரத்துல, முன்பின்னா. திரும்பினதுக்கு நாலு எண்.”

“திரும்பறதுக்கும் மூணு போதாதா? இப்படி, அப்படி, சாய்ச்சு” என்று நான் தலையை ஆட்டிக் காட்டினேன்.

“அட, நீங்களும் கோழி ஆயிட்டீங்களே!” என்று சிரித்தாள். “மூணு வெச்சும் சொல்லலாம். ஆனா நேரா மேலயோ கீழயோ பார்த்தா அதுல ரெண்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து குழம்பிடும். நாலு இருந்தா எப்பவும் குழம்பாது.”

பதில் தாமதமாக வந்தால் படம் தலைக்குப் பின்னால் இழுபடும், வயிற்றைப் பிரட்டும் என்றாள். அதை அவள் சொல்லியே இருக்க வேண்டாம். முதல் வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்துக் கிடந்தேன். பிறகு அதைச் சரி செய்துவிட்டாள்.

இன்னொன்றையும் அந்த நாட்களில் பார்த்தேன். தலை எங்கே இருக்கிறது என்று ஹெட்செட் சொல்லும். ஆனால் எங்கிருந்து அளந்து சொல்ல வேண்டும் என்பதை இவள்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து அள என்று சொல்லியிருந்தாள். அதனால் அவள் கண்தான் பூஜ்யம். தரை எங்கே என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. சமையலறையின் தரை வந்து அவள் மூக்குக்கு நேரே நின்றது.

“அண்ணி, உங்க டேப்பைக் கொண்டாங்க” என்றாள். தரையிலிருந்து அவள் கண் வரைக்கும் அளந்து சொன்னேன். நூற்றைம்பது சென்டிமீட்டர். அதை அப்படியே எழுதிச் சேர்த்தாள். சமையலறை கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. “இப்போதைக்கு இது போதும். அப்புறமா ஒழுங்கு பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே உயரம். நான் மாட்டிப் பார்த்தபோதும் எல்லாம் கனகச்சிதமாக இருந்தது.

பட்டறையில் முதல்முறை காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். ஹெட்செட்டின் உள்பக்கத்தில் வியர்வை ஒட்டாமலிருக்கத் துணி உறைகள் தைத்திருந்தேன். ஆள் மாறும்போது உறையை மாற்றுவது என் வேலை. முதலாளி தச்சராக இருந்து முன்னுக்கு வந்தவர். புருவத்தில்கூட மரத்தூள் இருக்கும். மாட்டிக்கொண்டு, “ஒண்ணும் காணோமே. வெறும் கட்டத்துல ‘உள்ளே போக’ன்னு எழுதியிருக்கு” என்றார்.

“அதை நீங்கதான் அமுக்கணும், முதலாளி.”

“ஏன், நீயே அமுக்கிட்டு வரக்கூடாதா?”

“உங்க தலை எங்க திரும்புதுங்கிறது உங்க சொந்த விஷயம். நீங்க சரின்னாத்தான் பிரௌசர் அதை என் பக்கத்துக்குச் சொல்லும்.”

“அப்படியா? என் வீட்டுல எனக்கு இந்த மரியாதை கிடையாது” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். இரண்டடி நடந்தார். படம் போய்விட்டது. இவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“விளக்கைப் போடச் சொல்லுங்க.”

“பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு?”

“இதுக்கும் கண்ணு உண்டு. அறையைப் பார்த்துத்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்குது. இருட்டுல தலை எங்கன்னு கேட்டா பதிலே வராது. வராதப்ப நான் பொய்யா ஒரு இடத்தைக் காட்ட மாட்டேன், படத்தை நிறுத்திடுவேன்.”

விளக்கு எரிந்தது. சமையலறை வந்தது. முதலாளி இல்லாத இழுப்பறையை இழுத்து, இல்லாத கீலைத் தட்டிப் பார்த்தார். “பலே” என்றார். அதற்கப்புறம் வந்த வாடிக்கையாளர் எல்லோரும் மாட்டிப் பார்த்துத்தான் மேடை உயரத்தைச் சொன்னார்கள். ஹெட்செட்டோடு கையில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டு, கை இருக்கும் இடத்தில் அது படத்துக்குள்ளும் தெரியும். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் மேடை ஏறும், இன்னொன்றை அமுக்கினால் இறங்கும். எது வசதியோ அங்கே நிறுத்தினால், அதே அளவில் பட்டறையில் பலகை அறுப்பார்கள். எல்லோரும் நின்றுகொண்டு பார்த்தவர்கள். கொஞ்சம் உயரம், கொஞ்சம் குட்டை. யாரும் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர்கூடப் பொம்மை என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

பிறகுதான் கோச் வந்தார்.

ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த பெண்மணி. எல்லோருக்கும் அவர் கோச்தான். ஆணைவிட ஓங்கின உயரம். குளத்தின் கரையில் நின்று ஒரு விசில் அடித்தால் தண்ணீருக்குள் இருப்பவன் மூச்சு விடவும் யோசிப்பான் என்பார்கள். ஒரு கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவர் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெலிந்த, சாந்தமான மனுஷர்.

“முன்ன ஒருத்தர் மேடை போட்டுக் கொடுத்தார்” என்றார் கோச். “கை எட்டல. பாத்திரத்துக்குள்ள என்ன வேகுதுன்னு நான் வாசனையை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். அதனால சமையல் எல்லாம் இவர் கைக்குப் போயிடுச்சு. இவர் செய்யறது சாப்பாடு இல்ல, தண்டனை.”

“முட்டை நல்லா அவிப்பேனே” என்றார் கணவர்.

“அதையும் தினம் தினம் அவிச்சா?” கோச்சின் குரல் சட்டென்று இறங்கியது. “என் அடுப்புல நானே சமைக்கணும். யாரையும் கூப்பிடாம, எதையும் எடுத்துத் தாங்கன்னு கேக்காம. இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா மறுபடி உடைச்சுக் கட்ட எனக்குத் தெம்பு கிடையாது. விட்டுடுவேன்.”

மறுநாள் காலையில் பலகை அறுப்பதாக ஏற்பாடு. முதலாளி இயந்திரத்தையே காலியாக வைத்திருந்தார்.

நான் புது உறையை மாட்டிக் கொடுத்தேன். கோச் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“ஐயோ” என்றார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. சிரித்தார். “மேல் அலமாரி எனக்கு நேரா இருக்கு. பிரிட்ஜ் தலையில இருக்கிற தூசிகூடத் தெரியும்போல. இங்க பாருங்க, மேடை எனக்குக் கீழ இருக்கு. கீழ!”

கோச் பொத்தானை அமுக்கி மேடையை ஏற்றினார், இறக்கினார், கைப்பிடியை அதன்மேல் வைத்தார். “இதோ, இதுதான். கை அழகா படுது. இதுல கை வைக்காதீங்க. அறுத்துடுங்க.”

“ஒரே தடவையில முடிவு பண்றாங்க பாரு, இதுதான் வாடிக்கையாளர்” என்றார் முதலாளி சந்தோஷமாக.

நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் ஓரத்தில் தலையின் எண்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவள் கண் ஒரே எண்ணில் நின்றிருந்தது. பிறகு நாற்காலியில் இருந்த கோச்சைப் பார்த்தாள். மறுபடி எண்ணை. முகத்தில் ரத்தமே இல்லை.

உயரம்: நூற்றைம்பது சென்டிமீட்டர். உட்கார்ந்திருக்கிற பெண்மணிக்கு என் நாத்தனாரின் கண் உயரம்.

மாட்டின இடம் எதுவானாலும் அதுதான் பூஜ்யம், அதோடு நூற்றைம்பதைச் சேர் என்று அல்லவா எழுதிவைத்திருந்தாள்? நின்றவர்களுக்கு ஒரு சாண் முன்னேபின்னே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நாற்காலியில் இருப்பவரை அந்த இணையப் பக்கம் பிடித்து எழுப்பி நிறுத்தியிருந்தது. கைப்பிடியும் சேர்ந்தே உயர்ந்ததால் கைக்கும் மேடைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அளவில் அறுத்தால் மேடை அவர் முகத்துக்கு நேரே வரும்.

அவள் இரண்டு எட்டில் நாற்காலிக்கு முன்னால் போய்க் குந்தினாள்.

“கோச், கழட்டுங்க. ஒண்ணு சொல்லணும்.”

“இரும்மா, இன்னும் கொஞ்சம் பார்க்கறேன்.”

“இல்ல கோச். நீங்க பார்க்கறது உங்க உயரம் இல்ல. என்னோடது. நான் தப்பா எழுதிட்டேன். நீங்க நிக்கற மாதிரி அது பொய் சொல்லுது.”

கோச் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். முதலாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டு, “நல்லா இருக்குன்னு அவங்களே சொல்லியாச்சு. எதுக்கும்மா கிளறுற? டேப்பு போட்டு நாலு விரக்கடை குறைச்சு அறுத்துட்டாப் போச்சு” என்றார்.

“எந்த நாலு விரக்கடை? குத்துமதிப்பா அறுக்கறதுக்கு நான் எதுக்கு, இந்தப் பெட்டி எதுக்கு?” என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. “அரை மணி நேரம் கொடுங்க. எங்க தப்புன்னு எனக்குத் தெரியும்.”

பலகை அடுக்கின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாட்டின இடத்திலிருந்து அள என்று இருந்ததை அழித்தாள். தரையிலிருந்து அள என்று எழுதினாள். பிரௌசரிடம் அப்படியும் கேட்கலாமாம். முதலிலேயே கேட்டிருக்கலாம். நூற்றைம்பதைத் தேடித் தேடி அழித்தாள். பிறகு பக்கத்தைத் திறந்து, கைப்பிடியைக் கொண்டுபோய்ப் பட்டறைத் தரையில் வைத்தாள். திரையில் உயரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதை எடுத்து ஒரு முக்காலியின்மேல் வைத்து என் டேப்பால் அளந்தாள். அதுவும் ஒத்துப்போனது. “இப்ப தரை எங்கன்னு அதுக்குத் தெரியும்” என்றாள். சொன்னபோது அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

கோச் மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை. கைப்பிடியை நீட்டி மேடையின் விளிம்பைத் தேடிப் பார்த்தார்.

“முதலாளி” என்றார் கடைசியில்.

“சொல்லுங்க கோச்.”

“இந்த மேடையில நான் சமைச்சா என் மூக்குதான் வேகும்.”

முதலாளிதான் முதலில் சிரித்தார். அதன் பிறகு வேலை ஓடியது. கோச் மேடையை இறக்கினார். இன்னும் இறக்கினார். நாற்காலியை உருட்டி முன்னால் போனார். “முட்டி இடிக்கும். கீழ இருக்கிற அலமாரியைத் தூக்கு.” நாத்தனார் அலமாரியை எடுத்துவிட்டாள். “அந்தத் தொட்டி ரொம்ப ஆழம், கை அடி வரைக்கும் போகாது.” தொட்டியின் அடியை மேலே கொண்டுவந்தாள். “அடுப்பைத் தள்ளி வை. அதைத் தாண்டிக் கையை நீட்டற மாதிரி இருக்கக் கூடாது.” தண்ணீருக்குள் இருப்பவனை விரட்டுவது போலவே விரட்டினார். முதலாளி தலையை நீட்டி நீட்டித் திரையைப் பார்த்து, “அப்ப மேடையோட கால் இங்க வரக்கூடாது” என்று தனக்குள் பேசிக்கொண்டு, சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டார்.

“எனக்கு இது இடுப்பை ஒடிச்சிடும்போல இருக்கே” என்றார் கணவர், மேடை உயரத்தைக் கையால் அளந்து பார்த்து.

“உங்களை யார் உள்ள வரச் சொன்னது?” என்றார் கோச்.

எல்லாம் முடிவானதும் ஹெட்செட்டைக் கழற்றப் போனவர் கையை நிறுத்தினார். “முதல்ல காட்டினியே, அந்த உயரம். அதை இன்னொரு தரம் காட்ட முடியுமா?”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். உயரத்தைக் கூட்டினாள். கோச் அங்கே நின்று, நின்றுகொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், மெதுவாக நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவராகவே கழற்றி என் கையில் கொடுத்தார். உறை நனைந்திருந்தது. நான் அதை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“கீழ முடிவு பண்ணின அளவுலதான் அறுக்கணும், முதலாளி. மேல உள்ளதை இல்ல” என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தானே திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தங்கையைக் கேலி செய்யாமல் ஒரு வார்த்தை சொன்னார். “லிப்ட்டுலயும் இதே கதைதான். எந்த மாடியில நிக்கறோம்னு அதுக்குத் தப்பாத் தெரிஞ்சா, கதவு சரியாத்தான் திறக்கும், ஆள்தான் விழுவான்.”

“அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றேன் நான்.

“ஒவ்வொரு தடவையும் லிப்ட்டைக் கீழ் மாடிக்கு அனுப்பிச் சரிபார்ப்போம்.”

அன்று முதல் அவளும் அப்படித்தான் செய்கிறாள். அதற்கு முன்பு செய்து கொடுத்த சமையலறைகளுக்கெல்லாம் அவளே டேப்போடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் மட்டும் மேடையைக் கொஞ்சம் தாழ்த்தித் தரச் சொன்னார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஆளை அனுப்பினார்.

இப்போது அவள் எழுதிய பக்கம் மூன்று பட்டறைகளில் ஓடுகிறது. யார் வந்தாலும் முதலில் கைப்பிடியைத் தரையில் வைக்கச் சொல்லும். உயரம் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடாது. பட்டறையின் முன்னறையில் என் நாத்தனாருக்கு ஒரு மேசை இருக்கிறது. உறைகளை நான் தைத்துக் கொடுக்கிறேன். எங்கள் கூடத்துக்கு நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன. கோச் தன் அடுப்பில் தானே சமைக்கிறார். அவர் கணவர் பாத்திரம் கழுவுகிறார், குனிந்துகொண்டு.